லெதர் ஜாக்கெட்டுக்கு வீரவணக்கம், தைத்த கைக்குத் தீட்டு

தோழர்களே, இந்த முறை ஒரு லெதர் ஜாக்கெட்டைப் பற்றி எழுதுகிறோம். "ஊரில் எத்தனையோ பிரச்சினை இருக்க, ஒரு ஜாக்கெட்டுக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா?" என்று கேட்கத் தோன்றினால், கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் ஒரு பேருந்து நிலையத்தின் ஓரம், குடை கட்டி உட்கார்ந்து செருப்புத் தைக்கிறார் ஒரு பெரியவர். அருந்ததியர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். நாற்பது வருடமாக இதே வேலை. அவருடைய பேரன் எங்கள் வாசிப்பு வட்டத்துத் தம்பி. கல்லூரியில் படிக்கிறான், நன்றாக வரைவான். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். 2009இல் வந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு இல்லையென்றால் அந்த இடம் கிடைத்திருக்காது என்று அவனே சொல்வான்.

அவர்களிடம் ஒருவர் வந்தார். மோட்டார் பைக்கில் ஊர் ஊராகப் போகும் குழு ஒன்றை நடத்துபவர், வசதியானவர். இரண்டாம் உலகப்போர் விமானிகள் மீது அவருக்குப் பெரிய பக்தி. பழைய மாடலில் பழுப்பு நிற லெதர் ஜாக்கெட் ஒன்று வாங்கி வைத்திருந்தார். முதுகில் சுறா வாய் பிளந்த போர் விமானம் வரைய வேண்டும், அதைச் சுற்றி விமானச் சண்டை நடந்த ஊர்களின் பெயர்கள் வேண்டும், நெஞ்சில் போர்முனைச் சின்னம் வேண்டும். சின்னம் துணியில் கூடாது. அந்தக் காலத்தில் செய்தது போலவே வண்ணத் தோலை வெட்டி, துண்டு துண்டாகச் சேர்த்துத் தைக்க வேண்டும். ஓவியம் தம்பிக்கு, தோல் வேலை தாத்தாவுக்கு.

அந்தச் சின்னத்தில் ஒரு சூரியன் உண்டு, பன்னிரண்டு கதிர்கள். ஒவ்வொரு கதிரையும் வெள்ளைத் தோலில் நகக்கண் அளவுக்கு வெட்டி, நீலத் தோலின் மேல் வைத்து, ஓரம் பிசிறாமல் தைத்தார் பெரியவர். நான்கு நாள் வேலை. பஸ் ஸ்டாண்டு வருமானமும் அந்த நான்கு நாள் போனது. "என்னப்பா, இதுக்குப் போய் ஆயிரமா?" என்று பேரம் பேசி, எண்ணூறு ரூபாய் கொடுத்தார் வந்தவர். அவருக்குப் பெரியவரின் மகன் வயதுகூட இருக்காது.

பிறகு ஒரு மண்டபத்தில் விழா. ஜாக்கெட்டை மேடையில் நிறுத்தி, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பேசிய ஒருவர், "இந்தத் தோலின் வாசனையே வீரத்தின் வாசனை" என்றார். தாத்தாவும் பேரனும் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை யாரும். விழாவுக்கு முன்னாலேயே தம்பி ஒன்று கேட்டிருந்தான்: உள் துணியில், வெளியே தெரியாத இடத்தில், சின்னதாகத் தாத்தா பெயரைத் தைத்துக்கொள்ளட்டுமா? அவர் சிரித்துவிட்டுச் சொன்ன பதில் இது: "செருப்புத் தைக்கிறவர் பேரைப் போட்டா ஜாக்கெட்டுக்கு என்னப்பா மரியாதை இருக்கும்?"

அந்த மனிதரின் பெயரையோ சாதியையோ இங்கே எழுதப் போவதில்லை. அவர் தனி ஆள் என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. மாட்டின் தோல் எந்த இடம் வரை தீட்டு, எந்த இடத்திலிருந்து வீரம் என்று ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை யார் போட்டது என்பதுதான் நம் கேள்வி. பெரியவர் பேருந்தில் ஏறினால் மூக்கைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் கையில் இருப்பதும் அதே தோலின் வாசனைதான்.

அசல் ஜாக்கெட்டை அலங்கரித்தவர்கள் யார்?

அஞ்சலிக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட அசல் ஜாக்கெட்டின் கதையைப் பார்ப்போம். அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு 1931இல் 'ஏ-2' என்ற தோல் ஜாக்கெட்டைத் தன் விமானிகளுக்கு அதிகாரப்பூர்வமாக்கியது. குதிரைத்தோலிலும் ஆட்டுத்தோலிலும் செய்தது. விமானிகள் அதன் முதுகில் படம் வரைந்துகொண்டார்கள், போய்வந்த குண்டுவீச்சுகளின் கணக்கைக் குறித்துக்கொண்டார்கள், படைப்பிரிவுச் சின்னத்தைத் தைத்துக்கொண்டார்கள்.

இந்த ஜாக்கெட் நம் நாட்டுக்கும் வந்தது. ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்து, சீனாவுக்குப் போகும் தரைவழி அடைபட்ட பிறகு, அசாமில் இருந்த விமானத் தளங்களிலிருந்து இமயத்தைத் தாண்டி குன்மிங்குக்குச் சரக்கு கொண்டுபோனார்கள் விமானிகள். சீனா–பர்மா–இந்தியா போர்முனை என்று அதற்குப் பெயர். சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும் சிவப்பு வெள்ளைக் கோடுகளும் உள்ள அந்தச் சின்னத்தைத்தான் நம் பெரியவர் தைத்தார். விமானம் விழுந்து உயிர் பிழைத்தால் உள்ளூர் மக்கள் அடையாளம் கண்டு காப்பாற்ற வேண்டும் என்பதற்காக, சீனக் கொடியும் சீன மொழியில் வேண்டுகோளும் கொண்ட துண்டையும் ஜாக்கெட்டோடு தைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சின்னங்களில் பல அமெரிக்காவிலிருந்து வந்தவை அல்ல. இந்தியாவில், உள்ளூர்த் தோல் தொழிலாளர்கள் கையால் வெட்டி, வண்ணம் சேர்த்து, தைத்துக் கொடுத்தவை. இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். 'இந்தியாவில் கையால் செய்தது' என்று விற்பனைக் குறிப்பில் எழுதினால் மதிப்பு கூடுகிறது. அணிந்த விமானியின் பெயர், படைப்பிரிவு, எத்தனை முறை பறந்தார் என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும். தைத்தவர் பெயர் மட்டும் இருக்காது.

அக்காலக் கல்கத்தாவில் தோலும் செருப்பும் யார் கையில் இருந்தன? சமார் மக்கள், ஏழை முஸ்லிம்கள், சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஹக்கா மக்கள். மற்றவர்கள் தொட மறுத்ததை இவர்கள் தொட்டார்கள். விமானியைக் காப்பாற்றக்கூடிய துண்டைத் தைத்த கை, தன் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத கையாகக்கூட இருந்திருக்கலாம்.

நம் மாகாணத்தின் பங்கு

இது எங்கோ நடந்த கதை அல்ல. பிரிட்டிஷ் விமானப்படையில் 264ஆம் படைப்பிரிவுக்கு 'மதராஸ் பிரசிடென்சி' என்று பெயர். இந்த மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்கு நன்றியாக வைத்த பெயர் அது. அன்று நம் தருமபுரி சேலம் மாவட்டத்தில் ஒரு பகுதி, சேலம் அந்த மாகாணத்தில் ஒரு மாவட்டம்.

அதற்கு முந்தைய முதல் உலகப்போரில் இங்கிருந்து தோலே போனது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட சென்னை மாகாணத்து மாட்டுத்தோல் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோல் ஆனது. வணிகத்தில் அதற்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். செத்த மாட்டை இழுத்து வந்து உரித்தவர், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி முடி நீக்கியவர், பட்டைத் தண்ணீரில் ஊறவைத்தவர் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேரியிலிருந்து கிளம்பிய தோல் ஐரோப்பாவின் பதுங்குகுழி வரை போனது. சேரிக்காரர் மட்டும் தன் ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியவில்லை. செருப்பைச் செய்தவனே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த மண் இது.

நாய்க்கும் பெயர் உண்டு

"அஞ்சலி செலுத்துவது தமிழர் மரபு" என்று மண்டபத்தில் ஒருவர் பேசினார். உண்மைதான். தருமபுரியில் இருந்துகொண்டு அதை மறுக்க முடியுமா? நம் அகழ்வைப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள், நடுகற்கள் வரிசையாக நிற்கும். மாடு கவரப் போய்ச் செத்தவன், மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன், அவன் பெயர், அவன் காலத்து அரசன் பெயர், எத்தனையாவது ஆட்சி ஆண்டு என்று வட்டெழுத்தில் வெட்டியிருப்பார்கள். பக்கத்தில் செங்கம் பகுதியில் எடுத்தனூர் நடுகல் இருக்கிறது. தன் எசமானோடு நின்று காவல் காத்த நாயையும் அந்தக் கல்லில் செதுக்கி, 'கோவிவன்' என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்.

நாய்க்குப் பெயர் இருக்கிறது. கல்லைச் செதுக்கியவனுக்கு இல்லை. உயிருள்ள மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் நட்டார்கள். செத்த மாட்டைத் தூக்கி ஊரை நாறாமல் காத்தவனை ஊருக்கு வெளியே வைத்தார்கள்.

புறநானூற்றில் 82ஆம் பாடலைப் படியுங்கள். சாத்தந்தையார் பாடியது. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி மல்லனோடு மோதிய வேகத்தைச் சொல்ல அவருக்கு ஓர் உவமை வேண்டும். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம், வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் கட்டிலுக்குத் தோல் வார் பின்னுகிறவன் கையில் ஊசி எப்படி ஓடுமோ அப்படி இருந்தது அந்தச் சண்டை என்கிறார். வீரனின் வேகத்தை அளக்கத் தோல் தொழிலாளியின் ஊசிதான் அளவுகோல். ஆனால் வீரனுக்குப் பாட்டில் புகழ், ஊசிக்காரனுக்கு 'இழிசினன்' என்ற பட்டம். மண்டபத்தில் நடந்தது புதிதாக ஒன்றும் இல்லை, தோழர்களே.

அதே புறநானூற்றில் நம் தகடூர் அதியமானுக்காகத் தூது போன ஔவையாரும் இருக்கிறார். தொண்டைமான் தன் ஆயுதங்களைக் காட்டுகிறான். பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசிப் பளபளவென்று காவல் உள்ள வீட்டில் இருக்கின்றன அவை. அதியமானின் வேல்களோ நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. அலங்காரத்தைப் பார்த்து மயங்காமல் பட்டறையைக் காட்டிய பெண் அவர். அவர் நின்ற மண்ணில் உட்கார்ந்துகொண்டு நாம் மாலை போட்ட ஜாக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வரலாமா?

"நாங்களும் வீரர்கள்தான்" என்று சொன்னால் போதுமா?

இதை வட்டத்தில் பேசியபோது சில தம்பி தங்கைகள் கோபமாகச் சொன்னார்கள்: "நம்ம ஆளுங்களும் போர்ல சண்டை போட்டவங்கதானே? நம்ம வீரர்கள் படத்தைப் போட்டு நாமளும் ஒரு ஜாக்கெட் செய்வோம்." செய்யலாம். வரலாறு நம்மிடம் நிறையவே இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர் மக்கள் பெருமளவில் இருந்தார்கள். அண்ணலின் அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். முதல் உலகப்போர் நெருக்கியபோது 1917இல் மகர்களுக்குத் தனிப் படை அமைத்தார்கள், போர் முடிந்ததும் 1921இல் கலைத்தார்கள். அடுத்த போர் வந்ததும் 1941இல் மகர் ரெஜிமென்ட், 1943இல் சமார் ரெஜிமென்ட். சமார் ரெஜிமென்ட் பர்மா முனையில் ரத்தம் சிந்தியது. 1946இல் அதையும் கலைத்துவிட்டார்கள்.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். சாவதற்கு ஆள் தேவைப்பட்டபோது நாம் போர்க்குடி, தேவை தீர்ந்ததும் மறுபடி தீண்டத்தகாதவர். படையில் சேர்த்ததும் அவர்களுடைய கணக்கு, கலைத்ததும் அவர்களுடைய கணக்கு. எனவே "நாங்களும் வீரர்கள்" என்று நிரூபித்து மரியாதை வாங்கப் பார்த்தால், மரியாதை கொடுக்கும் அதிகாரம் இன்னமும் அவர்கள் கையில்தான் இருக்கும். நம் சிப்பாய்களின் வரலாற்றை எழுத வேண்டும், மறுப்பே இல்லை. ஆனால் அந்தப் பெரியவர் மரியாதைக்குரியவராக இருப்பதற்கு அவர் தாத்தா சிப்பாயாக இருந்திருக்க வேண்டியதில்லை. அவர் செய்த வேலை போதும்.

இன்னொரு கேள்வியும் வந்தது, இதுதான் கடினமானது. "தோல் வேலையை விட்டு வெளியே வரச் சொன்னார் அண்ணல். நீங்க அந்த வேலைக்குப் பெயர் பலகை கேட்கிறீங்களா?"

1927இல் மகாடில், செத்த மாட்டை இழுக்கும் வேலையை விடுங்கள் என்றார் அண்ணல். 2016இல் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, அந்த மாநிலத் தலித் மக்கள் மாட்டுச் சடலங்களை அரசு அலுவலகத்தின் முன்னால் கொண்டுவந்து போட்டார்கள். மறுப்பது நம் ஆயுதம், அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. பேரன் செருப்புத் தைக்க வேண்டாம். அவன் ஓவியனாகட்டும், பொறியாளராகட்டும், விமானியே ஆகட்டும். ஆனால் தாத்தா இன்றைக்கும் அந்தக் குடையடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். நாம் வெளியேறும் வரை அவரை வெறும் கையாகவே விட்டுவைக்கலாமா? சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கி வைப்பது என்று 'சாதி ஒழிப்பு' நூலில் 1936லேயே விளக்கிவிட்டார் அண்ணல். ஜாக்கெட்டில் படம் வரைந்தால் கலைஞன், சின்னம் தைத்தால் செருப்புத் தைக்கிறவன் என்று தாத்தாவையும் பேரனையும்கூட இரண்டு படியில் நிறுத்திவிடும் அது. தம்பியை மேடைக்குக் கூப்பிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தாத்தாவை விட்டுவிட்டு ஏற மாட்டேன் என்று அவன்தான் போகவில்லை.

எல்லாத்துலயும் சாதியா?

விழாவைப் பற்றி நாங்கள் வாட்ஸ்அப்பில் எழுதியதும் வந்த பதில் இது: "செத்த விமானிக்குச் செய்யற அஞ்சலியிலயும் சாதியைக் கொண்டு வர்றீங்களே."

விமானிகள் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இருபது வயதில் எரியும் விமானத்தோடு விழுந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பூ வைப்பதில் நாங்களும் சேர்ந்துகொள்வோம். சாதியைக் கொண்டுவந்தது நாங்கள் அல்ல. ஒரு பெயரைத் தைத்தால் மரியாதை போய்விடும் என்று சொன்ன வாய் கொண்டுவந்தது.

உடையில் சாதி இல்லை என்று தருமபுரியில் யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் என்ற நம் மூன்று குடியிருப்புகள் எரிந்தன. 250க்கும் மேற்பட்ட வீடுகள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள். அந்த நாட்களில் நம் பையன்களின் ஜீன்ஸும் டிசர்ட்டும் கூலிங் கிளாஸும் அரசியல் மேடையில் குற்றச்சாட்டாகப் பேசப்பட்டன. இப்போது யோசியுங்கள்: தாத்தா தைத்த இதே ஜாக்கெட்டைப் பேரன் மாட்டிக்கொண்டு பைக்கில் ஊர்த்தெரு வழியாகப் போனால் அதற்குப் பெயர் அஞ்சலியா, திமிரா?

தோல் தொழிலில் சாவது இன்றும் நிற்கவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கழிவைத் தேக்கிய தொட்டி உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு எந்த ஜாக்கெட்டில் யார் பெயர் எழுதினார்கள்? ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஏற்றுமதி ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த ஷூவின் பெட்டியில் கம்பெனியின் பெயர் தங்க எழுத்தில் இருக்கும்.

என்ன செய்யலாம்?

எங்கள் வட்டத்தில் பேசி சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். நீங்களும் உங்கள் ஊரில் பேசுங்கள்.

ஒன்று: கல்லூரி விழா, நினைவு நாள், போராட்டம் எதுவானாலும் பறை, பை, பதாகை, பேட்ஜ் என்று ஒரு பொருளைச் செய்ய வைத்தால், செய்தவர் பெயர் அதிலேயே இருக்க வேண்டும். மேடையிலும் சொல்ல வேண்டும். நம் இயக்க மேடைகளும் இதில் விலக்கல்ல. நாம் அடிக்கும் பறைக்குத் தோல் கட்டியவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டு: கூலியை முன்கூட்டியே பேசி, நாள் கணக்கில் வாங்குவது. "கலைக்காகச் செய்து கொடுங்கள்", "அஞ்சலிக்குத்தானே" என்பதெல்லாம் நம்மிடம் மட்டும் கேட்கப்படும் தள்ளுபடி. பெயிண்ட் கடைக்காரர் அஞ்சலிக்காக விலை குறைத்தாரா என்று திருப்பிக் கேளுங்கள்.

மூன்று: நம் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்வது. கவலை இறைத்த காலத்தில் தோல் பை தைத்தவர்கள், ஆவாரம் பட்டை உரித்தவர்கள், பெங்களூர் பட்டறைக்குப் போனவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகளே, ஆய்வுத் தலைப்புக்கு வெளியூர் போக வேண்டாம், பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள்.

விழா முடிந்த மறுநாள் பெரியவரைப் பார்க்கப் போனோம். வழக்கம் போலக் குடையடியில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் ஷூவைத் தைத்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட் பேச்சு வந்தது. "பேரைப் போடலைன்னா போவுது, விடுங்க. அந்தச் சூரியன் மட்டும் பிரியாது. இருவது வருசம் ஆனாலும் பிரியாது" என்றார்.

அவர் விட்டுவிட்டார். நாம் விடக் கூடாது.

ஜெய்பீம்.